சம்பளம் வரும்போதே செய்து முடிக்க வேண்டிய வேலைகள்

வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வீட்டுக்கு மாதம் எவ்வளவு வேண்டும்? பெரும்பாலானவர்கள் சம்பளத்தைச் சொல்வார்கள். நான் கேட்டது செலவை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு இருபத்தஞ்சு, முப்பது ஆகும்ணே" என்பார்கள். அந்த ஐயாயிரம் ரூபாய் இடைவெளியில்தான் பல பேருடைய திட்டம் உடைந்து போகிறது.

நான் சென்னையில் ஒரு மெடிக்கல் பில்லிங் அலுவலகத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். அமெரிக்க மருத்துவமனைகள் அனுப்பிய பில்லை அங்குள்ள காப்பீட்டு நிறுவனம் ஏன் மறுத்தது என்று போன் போட்டுக் கேட்கும் வேலை. மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை. ஒரு க்ளெய்முக்காக 40 நிமிடம் காத்திருப்பு இசையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், எதிர்முனையில் ஆள் வந்ததும் லைன் கட் ஆகும், மறுபடி முதலிலிருந்து. கெட்ட வேலை என்று சொல்ல மாட்டேன். அந்தச் சம்பளத்தில்தான் தங்கை கல்யாணம் நடந்தது. ஆனால் ஐந்தாவது வருடத்துக்குப் பிறகு அதில் நான் கற்றுக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. இப்போது குரோம்பேட்டையில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். விட வேண்டும் என்று முடிவெடுத்த நாளிலிருந்து கடைசி நாள் வரை 19 மாதம் ஆனது. அந்த 19 மாதத்தில் செய்தவற்றையும், முன்னமே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று பிறகு நினைத்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். நீங்கள் மாவு விற்கப் போவதில்லை என்றாலும் பரவாயில்லை, வழி கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதல் மாதம்: எதை விட்டு ஓடுகிறீர்கள்

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். முப்பது நாள், வேலை முடிந்ததும் இரண்டு வரி எழுதுங்கள்: இன்று எது வெறுப்பாக இருந்தது, எது பரவாயில்லை. போனில் எழுதினால் தேதியைப் புரட்டிப் பார்க்க மாட்டோம், நோட்டே நல்லது.

மாதக் கடைசியில் சேர்த்துப் படித்தால் ஒரு உருவம் தெரியும். டீம் லீடர் பெயரே திரும்பத் திரும்ப வந்தால் உங்களுக்கு வேண்டியது வேறு டீம். ஷிஃப்ட், பயணம், தூக்கம் என்று வந்தால் பகல் வேலையோ பக்கத்து வேலையோ போதும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இந்த நோட்டு எழுதிய பிறகு, அதே துறையில் பகல் ஷிஃப்ட் இருக்கும் மெடிக்கல் கோடிங் பக்கம் (நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் போடும் வேலை) மாறிக்கொண்டார், நிம்மதியாக இருக்கிறார். என் நோட்டில் முப்பது நாளில் பத்தொன்பது நாள் ஏறக்குறைய ஒரே வரி இருந்தது: "இன்று செய்தது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை." இதற்கு டீம் மாற்றம் மருந்தாகாது. உங்களுக்கும் அப்படித்தான் என்றால் மேலே படியுங்கள்.

வீட்டுக் கணக்கு

இங்கே நிதானமாக இருங்கள், மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

வாடகை, மளிகை, பால், கேஸ், கரண்ட், பெட்ரோல், போன் எல்லாம் எல்லோரும் எழுதிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அது மாதம் 26,000 வந்தது. விட்டுப்போவது வருடத்துக்கு ஒருமுறை வருபவை. எங்கள் பட்டியல்: மகளின் பள்ளிக் கட்டணம் 42,000, ஆயுள் காப்பீட்டு பிரீமியம் 11,000, வண்டி இன்சூரன்ஸும் சர்வீஸும் 6,000, தீபாவளி பொங்கல் துணிமணி 15,000, மொய்யும் ஊர்ப் பயணமும் 10,000. மொத்தம் 84,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,000. ஆக வீட்டுக்கு வேண்டியது 33,000.

மொய்யைப் பலரும் எழுதுவதில்லை. வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே வாரத்தில் மூன்று பத்திரிகை வரும். நமக்குச் செய்தவர்களுக்குத் திருப்பிச் செய்யாமல் இருக்க முடியாது. மொய் நோட்டை எடுத்து, அடுத்த இரண்டு வருடத்தில் யார் வீட்டில் விசேஷம் வரும் என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். அம்மாவுக்கு எல்லாம் மனப்பாடம்.

மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை, 14,000 சம்பளம். எனக்குக் கைக்கு வந்தது 34,000. நான் வேலையை விட்டால் நிரப்ப வேண்டிய பள்ளம் 34,000 என்றுதான் அதுவரை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். கணக்குப் போட்ட பிறகு அது 33,000 கழித்தல் 14,000, அதாவது 19,000 என்று தெரிந்தது. அன்றிரவு அலுவலக வண்டியில் போகும்போது மனசு லேசாக இருந்ததை இன்னும் மறக்கவில்லை. பயத்துக்கு ஒரு எண் கிடைத்தால் அதன் பாதி பலம் போய்விடுகிறது.

அடுத்தது கடன். பர்சனல் லோன், கிரெடிட் கார்டு பாக்கி, செல்போன் இஎம்ஐ ஆகியவற்றை முடிக்காமல் பேப்பர் போடாதீர்கள், அதாவது ராஜினாமா கொடுக்காதீர்கள். எனக்கு 96,000 பர்சனல் லோன் பாக்கி இருந்தது. மாதம் மிஞ்சிய 15,000ஐ அப்படியே அதில் கட்டி ஏழு மாதத்தில் முடித்தேன். அதற்குப் பிறகு வந்த பன்னிரண்டு மாதச் சேமிப்பு 1,80,000. அதில் 1,52,000ஐ, அதாவது அந்த 19,000 பள்ளத்துக்கு எட்டு மாதக் கையிருப்பை, வேறொரு வங்கியில் போட்டு ஏடிஎம் கார்டு வாங்காமல் விட்டேன். வெளியே சீட்டு போட்டிருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள்: சீட்டு முடியும் மாதத்துக்குப் பிறகு உங்கள் கடைசி நாள் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்த சீட்டுக்குத் தவணை கட்டுவதும் கடன்தான்.

வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

சேரும்போது கையெழுத்துப் போட்ட அந்தப் பத்துப் பக்கத்தை நம்மில் யாரும் படிப்பதில்லை. இப்போது படியுங்கள். பார்க்க வேண்டியவை: நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம்) எத்தனை நாள், 30ஆ 60ஆ 90ஆ, அதைப் பணம் கட்டிக் குறைக்க முடியுமா, பயிற்சிக்காக இத்தனை காலம் விட்டுப் போக மாட்டேன் என்று எழுதிக்கொடுத்த பாண்ட் இன்னும் ஓடுகிறதா, வேலையில் இருக்கும்போது வேறு தொழில் செய்யக் கூடாது என்ற விதி இருக்கிறதா.

வேலையை விட்ட பிறகு இதே துறையில் இரண்டு வருடம் தொழில் செய்யக் கூடாது என்று சில ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27இன்படி ஒருவர் பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. இந்த ஒரு வரிக்குப் பயந்து உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆனால் வாடிக்கையாளர் பட்டியலையோ கோப்புகளையோ எடுத்துக்கொண்டு போவது வேறு விஷயம், அதைத் தொடவே தொடாதீர்கள். வேலையில் இருக்கும் காலத்துக்கு எழுதிய தடையும் செல்லும். அதை மதித்தே ஆக வேண்டும்.

என் ஒப்பந்தத்தில் அந்தத் தடை இருந்தது. அதனால் சோதனை வியாபாரத்தை நான் நடத்தவில்லை, அம்மா நடத்தினார். பேருக்கு மட்டும் அம்மா என்ற கதை இல்லை. அவர்தான் அரைத்தார், பணம் அவர் கணக்குக்குத்தான் வந்தது, எவ்வளவு செலவழிக்கலாம் என்று அவர்தான் சொன்னார். நான் மூட்டை தூக்கினேன், வீடுகளில் கொண்டுபோய்க் கொடுத்தேன், கணக்கு எழுதினேன். வீட்டில் ஒருவர் நிஜமாகவே நடத்த முன்வந்தால் இது நேர்மையான வழி. பெயரை மட்டும் இரவல் வாங்குவது வேண்டாம். அப்படி யாரும் இல்லையென்றால் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், அல்லது விற்பனை இல்லாத பகுதியை மட்டும் இப்போது செய்யுங்கள். கற்றுக்கொள்வதையும் விலை விசாரிப்பதையும் எந்த ஒப்பந்தமும் தடுக்காது.

அலுவலக லேப்டாப், அலுவலக மெயில், அலுவலக வைஃபை மூன்றிலும் உங்கள் புதிய முயற்சி பற்றி ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது. பக்கத்து சீட் நண்பரிடமும் சொல்லாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கேன்டீனில் சொன்னது வாரக் கடைசிக்குள் மேனேஜர் காதுக்குப் போகும். அப்ரைசலில் உங்கள் பெயர் வரும்போது, "இவர் எப்படியும் போகிறவர்தானே" என்று யாராவது சொன்னால் போதும்.

சின்னதாக விற்றுப் பாருங்கள்

எந்தத் தொழிலாக இருந்தாலும், அறிமுகமில்லாத ஒருவர் காசு கொடுத்து வாங்கி, மறுபடியும் கேட்டு வர வேண்டும். அதுவரை அது ஆசை மட்டுமே. சித்தி பாராட்டுவது கணக்கில் வராது.

எங்கள் சோதனையை விவரமாகவே சொல்கிறேன், உங்கள் தொழிலுக்கும் இதே மாதிரி ஒரு தாள் போட வேண்டும் என்பதற்காக. நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். நாங்கள் தொடங்கியபோது அரிசி கிலோ 50, உளுந்து 130. நான்கு கிலோ அரிசிக்கு 200, ஒரு கிலோ உளுந்துக்கு 130, உப்பு, வெந்தயம், கரண்ட், கவர் எல்லாம் சேர்த்து 40. ஆக 370 ரூபாய்க்குச் சுமார் 12 கிலோ மாவு. கிலோ 45க்கு நேராக வீடுகளுக்கு விற்றால் 540 வரும். மிச்சம் 170, கிலோவுக்கு 14 ரூபாய். கடைக்குப் போட்டால் அவர்கள் 38தான் கொடுப்பார்கள், மிச்சம் கிலோவுக்கு 7.

இப்போது அந்த 19,000ஐ இங்கே கொண்டுவாருங்கள். பதினான்கால் வகுத்தால் மாதம் 1,357 கிலோ, தினம் 45 கிலோ. எல்லாவற்றையும் கடைக்கே போட்டால் தினம் 90 கிலோ. கடை பிடித்து 7,000 வாடகை கொடுத்தால் அதற்கே இன்னும் 500 கிலோ விற்க வேண்டும். இந்தத் தாளைப் போடுவதற்கு முன்னால் மெயின் ரோட்டில் கடை பார்த்துக்கொண்டிருந்தேன். போட்ட பிறகு அந்த யோசனையைத் தள்ளி வைத்துவிட்டு, கடைக்காரர்களைத் தேடாமல் அடுக்குமாடி வீடுகளைத் தேடினேன். லாபம் எங்கே இருக்கிறது என்பதைத் தாள்தான் காட்டியது.

முதல் வாரம் தினம் 6 கிலோ, வீட்டிலிருந்த சின்ன டேபிள் டாப் கிரைண்டரில். ஆறாவது மாதம் 20 கிலோ. அப்போது சேமிப்பில் மிஞ்சும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்த தொகைக்குள் சாய்த்து மாவை எடுக்கும் 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஒன்று பழையது வாங்கினோம். என் ஷிஃப்டுக்கும் இது பொருந்தி வந்தது. அதிகாலை 4 மணிக்கு வீடு வந்து 11 வரை தூங்குவேன். 12 மணிக்கு அம்மா அரைக்கத் தொடங்கினால் 3 மணிக்கு முடியும், 4.30க்குள் வீடுகளில் கொடுத்துவிட்டு 5.30க்கு வண்டி ஏறுவேன். வாங்குகிறவர்கள் அதை இரவு முழுக்க வெளியில் வைத்துப் புளிக்க வைத்துக்கொள்வார்கள்.

மே மாதம் ஒரு பாடம் கிடைத்தது. உளுந்தைச் சாதாரணக் குழாய்த் தண்ணீர் விட்டு அரைத்தோம். கல் சூடேறி, மாவும் சூடேறி, மாலை 4 மணிக்கே கவர்கள் பலூன் மாதிரி உப்பிவிட்டன. ஒரு வீட்டு ஃபிரிட்ஜில் கவர் வெடித்து மாவு வழிந்தது. 23 வீட்டுக்கும் போய் மாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து ஃபிரிட்ஜ் தண்ணீரும் ஐஸ் கட்டியும் போட்டு அரைத்தோம். இந்தத் தவறு சம்பளம் வரும் காலத்தில் நடந்ததால் எங்களுக்கு ஆயிரம் ரூபாயோடு போயிற்று. வேலையை விட்ட முதல் மாதத்தில் நடந்திருந்தால் வாடிக்கையும் தைரியமும் சேர்ந்து போயிருக்கும். சம்பளம் வரும்போதே இதையெல்லாம் செய்யுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு அந்த மே மாதம்தான் காரணம்.

அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் இதே மாதிரி பாருங்கள். உங்களுக்குச் சோதனை விற்பனை என்பது நேரம் வைத்து எழுதும் மாதிரித் தேர்வு. வாரம் ஒன்று எழுதி, மதிப்பெண்ணைப் போன வருட கட் ஆஃபோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். வேலையில் இருந்துகொண்டே மதிப்பெண் ஏறுகிறது என்று தெரிந்த பிறகு விடுவது பற்றி யோசிக்கலாம்.

பதிவுகள்

உணவுத் தொழில் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு இல்லாமல் ஒரு கவர்கூட விற்கக் கூடாது. நாங்கள் எடுத்தபோது வருட விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் அடிப்படைப் பதிவு போதும், கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். ஆன்லைனில் நாமே போடலாம். கவரில் எடை, தயாரித்த தேதி, முகவரி, பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, முழுக்க இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் பதினைந்து நிமிட வேலை. அதற்கு 2,000 ரூபாய் கேட்கும் போலி இணையதளங்கள் நிறைய இருக்கின்றன, ஜாக்கிரதை. ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்பவர்களுக்கு வருட விற்பனை 40 லட்சம், சேவை தருபவர்களுக்கு 20 லட்சம் தாண்டும்போதுதான் பதிவு கட்டாயம்.

கடன் வாங்கித் தொடங்கப் போகிறவர்கள் முதலில் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ், வேலையற்ற இளைஞர்களுக்கான யுஒய்இஜிபி, மத்திய அரசின் பிஎம்இஜிபி மூன்றிலும் மானியம் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பிஎம்இஜிபி முதல் கடன் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும்தான். மெஷின் வாங்கி ஓட்டத் தொடங்கிய பிறகு போய் நின்றால், ஏற்கெனவே நடக்கும் தொழில் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். விசாரணை முதலில், மெஷின் பிறகு. கிண்டியில் தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் பல தொழில்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி நடத்துகிறது, லீவு போட்டுப் போய் வரலாம்.

பேஸ்லிப் (சம்பளச் சீட்டு) இருக்கும்போதே

மாதச் சம்பளக்காரர் என்ற தகுதிக்கு வங்கியிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் தனி மரியாதை உண்டு. விட்ட மறுநாள் அது போய்விடும். சொந்தத் தொழில் செய்கிறவர் வீட்டுக்கடன் கேட்டால் இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் கேட்பார்கள்.

மருத்துவக் காப்பீட்டைத் தள்ளிப் போடவே போடாதீர்கள். அலுவலகம் தரும் குரூப் இன்சூரன்ஸ் கடைசி நாளோடு முடிந்துவிடும். சொந்தமாக பாலிசி எடுத்தால் முதல் 30 நாள் விபத்தைத் தவிர எதற்கும் பணம் கிடைக்காது. சர்க்கரை, பிரஷர் மாதிரி ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அதிகபட்சம் 3 வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். இந்தக் காத்திருப்பு ஓட வேண்டியது நீங்கள் வேலையில் இருக்கும்போது. நான் கிளம்புவதற்குப் பதினான்கு மாதம் முன்பே குடும்ப பாலிசி எடுத்தேன். ஒரே வருடத்தில் இரண்டு காப்பீடு எதற்கு என்று மனைவி கேட்டார். அம்மாவின் சர்க்கரைக்குக் காத்திருப்பு ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொன்னதும் புரிந்துகொண்டார். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்பு 18 சதவீதம் இருந்தது, அந்தச் சுமை இப்போது இல்லை.

பி.எஃப் கணக்கில் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் ஆதாரோடு ஒத்துப்போகிறதா, வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறதா, நாமினி போட்டாயிற்றா என்று இப்போதே பாருங்கள். சில திருத்தங்களுக்கு நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். உள்ளே இருக்கும்போது எச்.ஆர் மேசைக்கு நடந்து போய்க் கேட்கலாம், வெளியே போன பிறகு மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பணத்தை எடுக்காதீர்கள். ஐந்து வருடத் தொடர் சேவைக்கு முன்னால் எடுத்தால் வரி உண்டு. பத்து வருடச் சேவை ஆகிவிட்டால் 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி வரும். பத்துக்குக் குறைவாக இருந்தால் ஸ்கீம் சர்டிஃபிகேட் (எத்தனை வருடம் சேவை என்று காட்டும் பி.எஃப் சான்று) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறு வேலையில் சேர்ந்தால் அந்த வருடங்களும் சேரும்.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) நிரந்தர ஊழியர்களுக்கு ஐந்து வருடம் முடிந்தால் வரும். கணக்கு எளிது: கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தை (பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்குங்கள். அடிப்படை 18,000, ஒன்பது வருடம் என்றால் 93,461 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஒரு முழு வருடமாகக் கணக்கில் வரும். நாலரை வருடத்தில் கோபத்தில் பேப்பர் போட்டு இந்தத் தொகையைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். நாட்காட்டியைப் பார்த்துவிட்டுக் கோபப்படுங்கள். போனஸ், இன்சென்டிவ் வரும் மாதமும் அதே மாதிரிதான். பணம் கணக்கில் ஏறிய பிறகு மெயில் அனுப்புங்கள்.

வீட்டில் யாரிடம், எப்போது

மனைவியிடமோ கணவரிடமோ முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கணக்கை ஒளித்து வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. பெரியவர்களிடம் சொல்ல அவசரம் இல்லை, கையில் ஆறு மாதக் கணக்கு வந்த பிறகு போங்கள். எனக்கு மாமனார்தான் பயம். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மாவு விக்கிறார்னு சம்பந்தி வீட்ல நான் எப்படி மாப்பிள்ளை சொல்வேன்?" என்றார்.

நான் எதுவும் பேசாமல் நோட்டைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கலெக்‌ஷன் பேட்டா பார்க்கிற மாதிரி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். கடைசியில், "எந்த மாசம் டல்லு?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் மாதச் சராசரியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பஸ்ல பரீட்சை லீவு விட்டா கலெக்‌ஷன் படுத்துடும் மாப்பிள்ளை. உங்களுக்கும் ஒரு மாசம் அப்படி இருக்கும், பாருங்க."

வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் சொன்னது சரி. மே மாதம் பாதி அடுக்குமாடி ஊருக்குப் போய்விடுகிறது, விற்பனை மூன்றில் இரண்டு பங்குதான். அவர் கேட்டிருக்காவிட்டால் நான் மார்ச் கடைசியில் வேலையை விட்டு, மே மாதத்தில் நேராகப் போய் விழுந்திருப்பேன். தேதியை ஜூனுக்குத் தள்ளினேன். எதிர்ப்பார்கள் என்று நாம் பயப்படும் பெரியவர்களில் பலர், ஒரு தொழிலின் ஏற்ற இறக்கத்தை முப்பது வருடம் பார்த்தவர்கள். நோட்டை அவர்கள் கையில் கொடுங்கள்.

அலுவலகத்தில் எப்படி இருப்பது

வழக்கம் போல. டார்கெட்டை முடியுங்கள், தரத்தில் பிசகாதீர்கள். மனம் வெளியே போன பிறகு வேலையில் தூங்குகிறவர்கள் உண்டு. அது சம்பளம் கொடுக்கும் இடத்துக்குச் செய்யும் துரோகம், உங்கள் கைக்கும் கெட்ட பழக்கம். ஆனால் கூடுதல் ஷிஃப்டுக்கு முதல் ஆளாகக் கை தூக்குவதை நிறுத்திவிடுங்கள். பதவி உயர்வு வந்தால் ஏற்பதற்கு முன் அதில் நோட்டீஸ் பீரியட் 60இலிருந்து 90 ஆகிறதா என்று பாருங்கள்.

தூக்கத்தைத் திருடாதீர்கள். முதல் இரண்டு மாதம் நான் நான்கு மணி நேரம் தூங்கினேன். ஒரு நாள் மாவு டெலிவரிக்குப் போகும்போது குரோம்பேட்டை வழியாகப் போகும் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் ஒரு சிக்னலில் வண்டியிலேயே கண் அசந்துவிட்டது. அன்றைக்கே ஞாயிறு விற்பனையை நிறுத்தினேன். வாரத்தில் ஒரு நாள் எதுவும் செய்யாமல் இருங்கள்.

கிளம்பும் கோடு

எப்போது விடுவது என்பதை மனம் தெளிவாக இருக்கும் நாளில் எழுதி வையுங்கள். மோசமான ஷிஃப்ட் முடிந்த அதிகாலையில் எடுக்கும் முடிவு வேண்டாம். நான் எழுதியது: தொடர்ந்து மூன்று மாதம் 1,000 கிலோ, நேர் விற்பனையில். அது மாதம் 14,000 லாபம், தேவையான 19,000க்கு 5,000 குறைவு. அந்தக் குறையை 1,52,000 கையிருப்பு முப்பது மாதம் தாங்கும். பகல் முழுக்கக் கிடைத்தால் முப்பது மாதத்தில் மாத விற்பனையை 357 கிலோ கூட்ட முடியாதா? முடியும் என்று தோன்றியது.

அதோடு நிறுத்தும் கோட்டையும் எழுதினேன்: 24 மாதத்துக்குள் 1,000 கிலோ வராவிட்டால் இந்தத் தொழிலை விட்டுவிட்டு வேறு யோசிப்பது. இந்த இரண்டாவது கோடு இல்லாவிட்டால், சோதனை என்ற பெயரில் ஐந்து வருடம் போய்விடும்.

பேப்பர் போடும் நாளில் மெயில் நான்கு வரிக்கு மேல் வேண்டாம். ராஜினாமா செய்கிறேன், ஒப்பந்தப்படி கடைசி நாள் இந்தத் தேதி, பொறுப்புகளை ஒப்படைக்கத் தயார், நன்றி. காரணம் கேட்டால் சொந்தத் தொழில் என்று சொல்லுங்கள். ஒன்பது வருடக் குறைகளைச் சொல்ல வேண்டிய இடம் எக்ஸிட் இன்டர்வியூ (கிளம்பும் முன் எச்.ஆர் நடத்தும் பேட்டி) இல்லை. நோட்டீஸ் காலத்தை முழுதாக முடியுங்கள். நடுவில் போகாமல் நின்றுவிட்டால் ரிலீவிங் லெட்டர் (முறைப்படி விடுவித்த கடிதம்) கிடைக்காது, நாளைக்குத் திரும்பி வேலை தேடும்போது சரிபார்ப்பில் அது வந்து நிற்கும். திரும்பிப் போகும் கதவைத் திறந்தே வைப்பதில் கேவலம் எதுவும் இல்லை. வாங்க வேண்டியவை: ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், கடைசி ஆறு மாத பேஸ்லிப், ஃபார்ம் 16 என்று சொல்லப்படும் வரிப் பிடித்தச் சான்று, கணக்கு முடித்த தாள். பேஸ்லிப்களைச் சொந்த மெயிலுக்கு முன்னமே எடுத்து வையுங்கள், கடைசி நாள் மாலையே லாகின் போய்விடும். கிராஜுவிட்டி 30 நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம், வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். எனக்கு வந்த தொகையை ஒன்றரை வருடம் தொடாமல் வைத்திருந்து, பிறகு கடை அட்வான்ஸாகக் கொடுத்தேன்.

விட்ட பிறகு முதல் மாதத்திலேயே ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்: ஒன்றாம் தேதி தொழில் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு ஒரு நிலையான தொகையைச் சம்பளம் மாதிரி அனுப்புவது. கல்லாவிலிருந்து அவ்வப்போது எடுத்தால் லாபம் எது, முதல் எது என்று ஆறே மாதத்தில் தெரியாமல் போகும். எங்கள் முதல் ஒன்றாம் தேதி ஜூலையில் வந்தது. 14,000 அனுப்பினேன். மனைவியின் போனில் மெசேஜ் சத்தம் கேட்டது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல், வீட்டுக்கணக்கு நோட்டைத் திறந்து வரவுப் பக்கத்தில் "சம்பளம்" என்று எழுதி அந்தத் தொகையைப் போட்டார். நான் அரிசி ஊற வைக்கப் போனேன்.